பழைய காகிதமும் புளியங்கொட்டையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு வயதைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைகளோடுதான் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அந்த வயதுப் பிள்ளைகளோடு வீட்டில் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய கைவேலைகளைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

கைவேலை என்றவுடன் கடைத்தெருவுக்குப் போய்ச் சார்ட் பேப்பரும் ஜிகினாத் தூளும் பசைப் புட்டியும் வாங்கிவர வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, அதற்குக் கையில் பணம் இல்லையே என்று கலங்கிய தாய்மார்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அன்று சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்கிறேன்: உங்கள் திண்ணையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மாசி, பங்குனி மாதங்களில் நம் ஊர்ப் பக்கத்துத் திண்ணைகளில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கமாகவும் நார் ஒரு பக்கமாகவும் கொட்டை ஒரு பக்கமாகவும் குவிந்து கிடக்கும். அந்தக் கொட்டையில் இரண்டு கைப்பிடி எடுத்துக் கழுவி உலர்த்துங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பாம்பையோ குழந்தையின் பெயரின் முதல் எழுத்தையோ பெரிதாக வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கொட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தை அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்து அடுக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் கொட்டையின் ஒரு முகத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடக் காய் செய்துகொள்ளலாம். நாமெல்லோரும் சிறுவயதில் தேய்த்தவர்கள்தாமே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தையிடம் எந்தக் கொட்டையையும் தராதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அடுத்ததாக, பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் கைவேலைக்கு எடுக்கவே கூடாது. அதன் தோல் உடைந்தாலோ துளையிடப்பட்டாலோ உள்ளிருக்கும் நஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். அரளிக் காய்க்கும் ஆமணக்கு விதைக்கும் அதே விலக்குதான்.

இனி, என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான வேலைக்கு வருகிறேன். ஓட்டை விழுந்த முறத்தைப் பழைய காகிதமும் வெந்தயமும் அரைத்து மெழுகும் வழக்கம் உங்கள் பாட்டி காலத்தில் இருந்ததை நினைவுகூர்ந்து பாருங்கள். அதே கூழில் குழந்தைகளோடு கிண்ணம் செய்யலாம். செய்தித்தாளைக் கையால் சிறு சிறு துண்டுகளாகக் கிழிப்பதுதான் முதல் வேலை. அதை முழுவதும் குழந்தையிடமே விட்டுவிடுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கிழிக்கக் கிழிக்கத்தான் விரல்களுக்கு வலு வரும். பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அந்த விரல்கள்தாம். கிழித்ததை இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாற்றம் எடுக்கும். ஊறவைத்த வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து, பெரியவர்கள் உரலிலோ மிக்சியிலோ அரைத்துக் கொடுக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பே பசையாக இருந்து கூழைப் பிடித்து நிறுத்துவதால் வேறு பசைக்குத் தேவையே இல்லை. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பால் பை ஒன்றைப் பிரித்துப் போர்த்தி, பிழிந்த கூழை விரல் கனத்துக்கு அப்பி வெயிலில் வையுங்கள். முழுவதும் காயும்வரை காத்திருந்தால் சுருங்கி இறுகிவிடும். பாதி காய்ந்தவுடனே மெல்லத் திருகிக் கழற்றி, பிறகு உட்புறத்தைக் காயவிடுங்கள். அச்சுமை கலந்த காகிதம் என்பதால் அதில் தின்பண்டம் வைக்க வேண்டாம். பொத்தானும் கூழாங்கல்லும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கிண்ணத்தால் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பெற்றோர்கள் வந்து பார்க்கும் ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் பதினான்கு கிண்ணங்கள் செய்திருந்தார்கள். கோணலும் மேடுபள்ளமுமாக இருந்த அவற்றைப் பெற்றோர்கள் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, முதல்நாள் இரவு நானே ஒவ்வொன்றையும் ஈரமாக்கி, கரண்டியின் முதுகால் தேய்த்து, விளிம்பைக் கத்தரித்து, ஒரே சீராக்கி வைத்தேன். மறுநாள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னபோது ஒரு பிள்ளைக்கும் தன்னுடையது எது என்று தெரியவில்லை. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, விளிம்பைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "டீச்சர், என்னோடதுல குழி இருந்துச்சு, அது எங்கே?" என்று கேட்டாள். கூழை அப்பும்போது அவள் அழுத்திப் பதித்த பெருவிரல் குழியை நான்தான் தேய்த்து அழித்திருந்தேன். அவள் எதையும் எடுத்துக்கொள்ளாமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் காகிதம் கிழித்து, ஊறவைத்து, அவளுக்குப் புதுக் கிண்ணம் செய்யக் கூழ் கொடுத்தேன். அன்று முதல் ஓய்வு பெறும் நாள்வரை எந்தக் குழந்தையின் வேலையிலும் நான் கைவைக்கவில்லை.

ஆகவே மீண்டும் சொல்கிறேன்: குழந்தை செய்ததைத் திருத்தாதீர்கள். உதவ வேண்டும் என்று கை துறுதுறுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு கிண்ணம் செய்யுங்கள். உங்கள் கையைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். வேண்டாததை விட்டுவிடும், அதுவும் நல்லதுதான்.

தென்னங்கீற்றில் கிளியும் பாம்பும் செய்வதைப் பற்றிச் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மடிப்புகளைக் கண்ணால் பார்க்காமல் கற்க முடியாது என்பதால், உங்கள் வீட்டுத் தாத்தாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நுங்கு வண்டியையும் அவரே செய்து தருவார். அறுந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி நீங்கள் சக்கரம் செய்துகொடுத்தால், தீப்பெட்டி வண்டியைப் பிள்ளைகளே பூட்டிக்கொள்வார்கள். இப்படித் தூக்கி எறியும் பொருள்களிலிருந்து பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அர்விந்த் குப்தா அவர்களுக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது என்பதை, இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வண்ணங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, பீட்ரூட் சாற்றில் தொட்டுத் தாளில் பதித்தால் ஐந்து இதழ்ப் பூவைப் போல அச்சு விழும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி உலரவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணித்திரியால் அதன்மேல் குழந்தையைக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இழுத்த இடமெல்லாம் சிவந்து எழும். தரையில் பழைய சாக்கு ஒன்றை விரித்துக்கொள்ள மறக்க வேண்டாம், மஞ்சள் கறை எளிதில் போகாது. நன்றி, வணக்கம்.