எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடை

அன்பான நேயர்களே, வணக்கம்.

மார்கழி நெருங்கினால் திருகோணமலையில் பலருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். வாடைக்குக் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும், ஆனால் நுண்கடன் தவணை மட்டும் கிழமை தவறாமல் வாசலுக்கு வரும். கிறிஸ்தவ வீடுகளில் நத்தார்ச் செலவும் சேர்ந்துகொள்ளும். நத்தாருக்கு மறுநாளோ டிசம்பர் 26. 2004இல் கடல் கொண்டுபோனவர்களின் படங்களுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிற நாள். முதல் நாள் பாலன் பிறப்புப் பாட்டு, அடுத்த நாள் ஒப்பாரி. இப்படி எல்லாம் ஒரேயடியாக வந்து அமுக்கும்போது கிறிஸ்தவ விசுவாசம் ஒருவருக்கு எந்த ஒழுங்கில் ஆறுதல் தருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்கப்போகிறேன்.

ஒழுங்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் நல்ல மனதோடு சொல்லுகிற புத்திமதி பல தடவை தலைகீழாக வருகிறது. நாட்கணக்காக நித்திரை இல்லாதவரை முழு இரவு ஜெபத்துக்குக் கூப்பிடுகிறோம். சோறு இறங்காதவரை உபவாசம் இருக்கச் சொல்கிறோம். அவர் இன்னும் களைத்துப்போய், "எனக்கு விசுவாசம் போதாது" என்ற ஒரு பாரத்தையும் கூடுதலாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

வேதாகமத்தில் ஒழுங்கு வேறு. இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கத்தோலிக்கருக்கு அது அரசர்கள் முதல் நூல். யேசபேல் அரசி கொல்லுவேன் என்று ஆள் அனுப்பியதும் எலியா தீர்க்கதரிசி ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட அதே மனிதர்! இதற்குக் கடவுள் கண்டிக்கவும் இல்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. எலியா படுத்து நித்திரை கொள்கிறார். தூதன் தட்டி எழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். இரண்டாந்தரமும் தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கடவுள் கேட்பது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

ஆகவே மனம் உடைந்திருப்பவருக்கு முதல் வேலை சாப்பாடும் நித்திரையும். ஒரு வேளைக்கு முழுச் சோறு இறங்காவிட்டால் கஞ்சியோ பாணோ கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு தடவையாக எடுக்கலாம். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணீரையும் கோப்பியையும் குறைக்க வேண்டும். உபவாசத்தைத் தள்ளிப்போடுவதில் பாவம் ஒன்றுமில்லை, கத்தோலிக்கத் திருச்சபை நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. குறிப்பாக, நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் சீனியை இறக்கும் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி சட்டென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இதைப் பிசாசின் சோதனை என்று நினைத்து இன்னும் பலமாக ஜெபிப்பதும் நடக்கிறது. அந்த நேரம் வேண்டியது சீனி போட்ட தண்ணீர்.

இனி, மூச்சு. "ஆண்டவராகிய இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்" என்பது கீழைத் திருச்சபைகளில் துறவிகள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஜெபம். முதல் பாதியை மனதுக்குள் சொல்லி மூக்கால் மூச்சை எடுங்கள், நாலு எண்ணுகிற நேரம். மற்றப் பாதியைச் சொல்லி விடுங்கள், ஆறு எண்ணுகிற நேரம். விடுகிற மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். ஐந்து நிமிடம் போதும். பெரிய மூச்சாக, வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் விறைக்கும், பயம் கூடும். மூச்சு சிறியதாகவே இருக்கட்டும். செபமாலை சொல்லுகிறவர்கள் ஓட்டமாக ஓடாமல் ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

அடுத்தது முறையீடு. எங்கள் ஆலயங்களில் அதிகம் கைவிடப்பட்ட ஜெபம் இதுதான் என்பேன். வேதாகமத்தின் ஜெபப் பாட்டுகளான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடு. பழகுவதற்கு 13ஆம் சங்கீதம் வசதி, ஆறே வசனங்கள். முதல் இரண்டிலும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தடவை வருகிறது. மூன்றும் நாலும் விண்ணப்பம். நம்பிக்கை வருவது ஐந்தாம் வசனத்தில். நாங்கள் பொதுவாக முதல் நாலையும் தாண்டி நேரே ஐந்தில் போய் நின்றுகொண்டு, ஏன் மனம் அமரவில்லை என்று யோசிக்கிறோம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை இல்லாமலேயே முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபமாகத்தான் வைத்திருக்கிறது.

ஒரு கொப்பியை எடுத்து அதே ஒழுங்கில் எழுதுங்கள். "என் கஷ்டமெல்லாம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, பொதுவாக எழுதினது பொதுவாகவே பயமுறுத்தும். "புதன்கிழமை தவணை 3,400 ரூபாய், கையில் 1,200", "மகள் கட்டாரில் இருந்து பத்து நாளாகக் கோல் எடுக்கவில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கோபம் இருந்தால் கடவுளிடமே கோபப்படுங்கள், சங்கீதக்காரர் செய்தது அதுதான். பிறகு இன்றைக்கு ஏதாவது செய்யக்கூடியதற்கு மட்டும் கீழே கோடிடுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னதைக் கடைப்பிடிக்க எனக்குத் தெரிந்த நேரான வழி இந்தக் கோடுதான். தவணைக்காரரிடம் இன்றே போய் அவகாசம் கேட்கலாம். மகள் விசயத்தில் அவளோடு வேலை செய்கிற ஒருவருக்குச் செய்தி அனுப்பலாம். கோடு விழாததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "இது உம்முடைய கையில்" என்று ஒப்படையுங்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டுகொண்டு போனைப் பார்க்காமல், எழும்பியிருந்து இதைச் செய்வது நல்லது.

கவலைப்படாமல், நன்றியோடு கடவுளிடம் கேளுங்கள் என்கிற பிலிப்பியர் 4ஆம் அதிகாரம் 6, 7 வசனங்கள் பல வீடுகளில் சுவரில் தொங்குகின்றன. அப்போஸ்தலர் பவுல் இந்தக் கடிதத்தைச் சிறைக்காவலில் இருந்துகொண்டு எழுதினார். கூர்ந்து வாசித்தால், கேட்டது கிடைக்கும் என்று ஏழாம் வசனம் சொல்லவில்லை. தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்கிறது. கடன் அப்படியே இருக்க மனம் அமைதிப்படலாம். மனம் அமைதிப்பட்டதால் கடன் தீர்ந்துவிட்டது என்றும் ஆகாது. நன்றி சொல்லச் சொல்கிறாரே என்பதற்காகச் சாவு வீட்டில் சிரிக்கத் தேவையில்லை. இன்று நடந்த ஒரு சின்ன விசயத்துக்கு நன்றி சொன்னால் போதும்.

ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவிசுவாசம் என்பவர்களும் இருக்கிறார்கள். பிடிபடுவதற்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்கிறது மத்தேயு 26:44. அந்த இரவில் அவர் தனியாக இருக்கவும் விரும்பவில்லை. விழித்திருங்கள் என்று மூன்று சீடரைக் கேட்டார், அவர்கள் நித்திரையாகிப் போனார்கள்.

எலியாவுக்கும் கடைசியில் கிடைத்தது ஆட்கள்தான். பாகால் என்ற அந்நியத் தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும், கூட நடக்க எலிசாவும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இப்படி ஒடுங்கிப்போயிருந்தால் வசனத்தோடு போகாதீர்கள், சாப்பாட்டோடு போங்கள். பாத்திரத்தைத் திரும்ப எடுக்க என்று நாளைக்கும் போகலாம்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, பசி, வேலை எல்லாம் குழம்பியிருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டலாம், கட்டணம் இல்லை. தொலைபேசியில் கதைக்க விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு கிழமை எடுக்கும், நாலு நாளில் சுகமில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஜெபத்தில் விடுதலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்வதற்காகவும் குளிசையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதை வைத்தியர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். சாக வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எலியாவின் ஜெபத்தைப் போல அதைப் பாரமாக எடுங்கள். "உயிரை மாய்க்க யோசிக்கிறீங்களா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தையும் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றி, அவரைத் தனியே விடாமல் ஒருவர் கூடவே இருந்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். ஆபத்து என்றால் அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தை அழையுங்கள். போகும்போது அவர் ஏற்கெனவே எடுக்கிற குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.