பலகை திரும்பி வரும் ஓசை

நேயர்களுக்கு வணக்கம்.

பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையைக் கற்றுத்தரும் பயிற்சிக்கூடத்துக்குள் முதன்முதலாக நுழைபவர்களில் பலர், "இது உடற்பயிற்சிக்கூடமா, ஆஸ்பத்திரி வார்டா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேலே இரும்புச் சட்டம் போட்ட கட்டில், தண்டவாளத்தில் ஓடும் பலகை, கப்பியில் தொங்கும் கயிறுகள் ஆகியவற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். இந்த முறையை உருவாக்கிய ஜோசஃப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டவர் என்று பிரிட்டன் அவரைத் தடுப்பு முகாமில் வைத்திருந்த காலத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் கை கால்களை அசைப்பதற்காகக் கட்டிலில் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பின்னாளில் நியூயார்க்கில் மனைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தியபோது அவர் வடிவமைத்த கருவிகளில் கட்டிலின் சாயல் இருக்கவே செய்கிறது.

அவற்றுள் இன்று எங்கும் காணப்படுவது ரிஃபார்மர். நீண்ட சட்டத்துக்குள் மெத்தை தைத்த பலகை ஒன்று சக்கரங்களில் முன்னும் பின்னும் ஓடும். அதைச் சட்டத்தின் ஒரு முனையோடு நான்கு அல்லது ஐந்து ஸ்பிரிங்குகள் பிணைத்திருக்கும். அந்த முனையில் பாதம் வைத்து உந்துவதற்கு ஒரு கம்பியும், பலகையின் மேல் தோளைத் தாங்க இரண்டு முட்டுகளும் இருக்கும். மல்லாந்து படுத்து, கம்பியில் பாதங்களை ஊன்றி முழங்கால்களை நீட்டினால் பலகை விலகிப் போகும். இதை எவரும் செய்துவிடுவார்கள். மடக்கும்போதுதான் விஷயம் இருக்கிறது. புதிதாக வருபவர் காலைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் பலகையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள, அது முனையில் 'டொக்' என்று மோதும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: வாளியை மேலே இழுக்க ஒரு பலம் வேண்டும் என்றால், கயிறு கையை விட்டு ஓடாமல் வாளியை மெல்ல இறக்க வேறொரு பலம் வேண்டும். அந்த இரண்டாவது பலத்தைத்தான் ரிஃபார்மர் கேட்கிறது. வகுப்பில் நான் ஒருவருக்கு முதுகு காட்டி நின்றாலும், அந்த 'டொக்' ஓசையைக் கொண்டே அவர் எங்கே கோட்டை விட்டார் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்பிரிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்பு எடை தூக்கும்போது எடை மாறுவதில்லை. ஸ்பிரிங்கோ இழுக்க இழுக்க எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே நிறைய ஸ்பிரிங் மாட்டினால் கடினம், குறைத்தால் சுலபம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். படுத்துக் காலால் தள்ளும்போது அந்தக் கணக்கு சரி. ஆனால் கைகளைக் கம்பியிலும் பாதங்களைத் தோள்முட்டுகளிலும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக நிறுத்திச் செய்யும் பயிற்சியில், ஸ்பிரிங்தான் நம்மைத் திரும்ப அழைத்துவரும் துணை. அதைக் குறைத்தால் வயிற்றுத் தசைகள் நடுங்கிவிடும். ஆகவே பக்கத்தில் இருப்பவர் எத்தனை மாட்டியிருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

இந்தத் துணையைக் கண்ணால் காண வேண்டுமானால் கேடிலாக் என்ற கருவிக்கு வர வேண்டும். அமெரிக்கச் சொகுசுக் காரின் பெயரைப் பெற்ற இது, நான்கு தூண்களும் மேற்சட்டமும் கொண்ட உயரமான மேசை. ஸ்பிரிங்கில் தொங்கும் கட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்து, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகப் படியவைத்துப் பின்னால் சாய்ந்தால், தரைப்பாயில் எழுந்து உட்கார முடியாதவரும் ஸ்பிரிங்கின் தயவால் எழுந்துவிடுவார். இதே மேசையின் முனையில் உள்ள தள்ளுகம்பியில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்பிரிங்கைக் கீழிருந்து மாட்டும்போது பாதுகாப்புப் பட்டையைக் கட்டாமல் விட்டால், கம்பி துள்ளி முகத்தில் அடிக்கக்கூடும்.

ஸ்பிரிங் பொருத்திய மிதிகட்டை கொண்ட வுண்டா நாற்காலி என்ற கருவி அளவில் சிறியது; கவிழ்த்துப் போட்டால் வீட்டுச் சாய்வு நாற்காலியாகிவிடும்படி பிலாட்டீஸ் அதை அமைத்தார். சிறியது என்பதால் எளியது என்று எண்ணிவிட வேண்டாம். படுக்க இடமில்லாததால் உடலைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே. ஒரு காலை இருக்கையிலும் மறு காலை மிதிகட்டையிலும் வைத்து ஏறும் பயிற்சி, மாடிப்படி ஏறத் திணறுபவர்களுக்கு நல்லது. ஆனால் அருகில் ஆசிரியர் நிற்க வேண்டும்.

வளைந்த முதுகுள்ள பீப்பாய்களும், தொடைகளுக்கிடையே வைத்து அழுத்தும் வளையமும் மீதி இருக்கின்றன. நாளெல்லாம் கணினி முன் குனிந்திருப்பவர் பீப்பாயின் மேல் மார்பை விரித்துச் சாய்வது இதமாக இருக்கும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முன்குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதிலும் ஏறக் கூடாது.

பழைய ரிஃபார்மரை விலைக்கு வாங்க நினைக்கும் நேயர்கள் மெத்தையின் பளபளப்பைப் பார்க்காமல் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பாருங்கள். சுருள்களுக்கிடையே இடைவெளி தெரிந்தாலோ, ஓரிடத்தில் நெளிந்திருந்தாலோ அதை மாற்றியாக வேண்டும். பிறகு ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாட்டி, பலகையைக் கையால் மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். சக்கரம் கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.