திருகாணிக் கணக்கும் ஊர்க் கணக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1873 நவம்பர் முதல் 1876 ஜூன் வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லினைப் பற்றி. பிற்காலத்தில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகிப் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பெரும்பங்கு வகித்தவர் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டாலே சிலருக்குக் கசக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் கடைக் கணக்கில் தேர்ந்த ஒருவர் ஊர்க் கணக்கைக் கையில் எடுக்கும்போது எதைச் சரியாகக் காண்கிறார், எதைக் காணாமல் விடுகிறார் என்று காட்ட, அந்த மூன்று ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1836இல் லண்டனில், காலணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அந்நாளில் மரத்தில் முடுக்கும் திருகாணியின் முனை மொட்டையாக இருக்கும். தச்சர் முதலில் துளையிட்டுக்கொண்டுதான் அதை உள்ளே செலுத்த முடியும். கூர்முனைத் திருகாணி செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை வாங்க, பர்மிங்காமில் இருந்த உறவினர் நெட்டில்ஃபோல்டு முதலீடு தேடியபோது, சேம்பர்லினின் தந்தை பணம் போட்டார். போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ளப் பதினெட்டு வயது மகனை 1854இல் அனுப்பி வைத்தார். இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நிறுவனத்துடையது. அந்த வளர்ச்சியில் சிறு பட்டறைகள் பல விழுங்கப்பட்டன என்ற குறையும் ஊரில் இருந்தது. 1874இல், நாற்பது வயதுக்கு முன்பே, பங்கை விற்றுவிட்டு முழுநேர மேயரானார். சொல்லப்போனால் பர்மிங்காமுக்கு அப்போது மாநகரம் என்ற தகுதிகூடக் கிடையாது; அது 1889இல்தான் வந்தது.

முதலில் அவர் கை வைத்தது எரிவாயுவில். தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் வாயு வழங்கிய இரண்டு தனியார் நிறுவனங்களையும் நகராட்சியே ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட வேண்டும் என்றார். வரியை ஒரு காசு கூட்டினாலும் சீறுகிற ஊருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊர் வளர வளர விளக்கும் பெருகும், வட்டி போக மிஞ்சுவது ஊருக்கே என்று அவர் வணிகர் பாணியிலேயே வாதிட்டார். முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு இலாபம் வந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் அவர் எனக்கு வியப்பூட்டுகிறார். ஊரில் பாதிப் பேர் கிணற்றை நம்பியிருந்தார்கள். அவற்றுள் பலவற்றில் சாக்கடை ஊறிக் கலந்திருந்தது. குழாயில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர்; மற்ற நாள்களில் கிணறு, இல்லையேல் தண்ணீர் வண்டி. குடம் தூக்கி வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் நிறுவனத்தையும் 1876இல் நகராட்சி வாங்கியது. விலை 13,50,000 பவுண்டு. ஆனால் கணக்கு இங்கே வேறு: வாயுவில் வரும் இலாபம் வரிச்சுமையைக் குறைக்கட்டும், தண்ணீரில் இலாபமே பார்க்கக் கூடாது, மிஞ்சினால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றார். எதில் இலாபம் எடுக்கலாம், எதில் எடுக்கலாகாது என்று பிரித்துப் பார்த்த அந்தக் கோட்டைத்தான் நான் அவருடைய உண்மையான சாதனையாகக் கருதுகிறேன்.

இதற்கு நடுவில், 1875 பிப்ரவரியில், அவருடைய இரண்டாம் மனைவி ஃபுளோரன்ஸ் பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவி ஹாரியட்டும் 1863இல் அப்படியே இறந்தவர். சமய நம்பிக்கையும் அதோடு அவரை விட்டுப் போயிற்று. மேயர் வேலை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது, நகர மையத்தின் சேரிகள். 1875இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி 40 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தி, தம் சொந்தப் பணத்தில் 10,000 பவுண்டும் கொடுத்தார். 1878இல் அங்கே கார்ப்பரேஷன் தெரு எழத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 53.2 ஆக இருந்த அப்பகுதியின் இறப்பு வீதம், 1879 முதல் 1881 வரையிலான காலத்தில் 21.3 ஆக இறங்கியது. அந்த எண்ணைக் கைதட்டி வரவேற்குமுன் ஒன்று கேட்க வேண்டும்: முன்பு அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? இடித்த இடத்தில் எழுந்தவை பெரும்பாலும் கடைகளும் அலுவலகங்களும். மனைகள் 75 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. தவணை முடிந்ததும் நிலமும் கட்டடமும் நகராட்சிக்கே திரும்பும் என்பது, திருகாணி விற்றவருக்கே தோன்றக்கூடிய அருமையான ஏற்பாடு. வெளியேற்றப்பட்ட ஏழைகள் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நெருக்கிக்கொண்டு குடியேறினார்கள். நகராட்சி தானே தொழிலாளர்களுக்கென்று வீடு கட்டியது 1890 வாக்கில், ரைடர் தெருவில். மொத்தம் 22 வீடுகள்.