பெட்டிக்குள் வாழைக்குற்றி

நேயர்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

ஒரு சவப்பெட்டியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். இலங்கையின் உலர் வலயத்தில், குளம் வற்றிக் கிடக்கிற ஒரு சிங்களக் கிராமம். அங்கே கண் தெரியாத முதியவர் ஒருவர், பெயர் வன்னிஹாமி. இராணுவத்தில் இருந்த மகன் பண்டார, முத்திரையிட்ட பெட்டியில் வீட்டுக்கு வருகிறான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. சடங்குகள் நடக்கின்றன, புதைத்தும் ஆகிவிட்டது. மகன் செத்துவிட்டான் என்று முதியவரின் மனம் மட்டும் ஏற்கவில்லை. நட்டஈட்டுப் படிவம் வருகிறது. வீட்டில் கஷ்டம், மகன் கட்டத் தொடங்கிய வீடு அரைகுறையாக நிற்கிறது, மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். ஒரு கையெழுத்துப் போட்டால் பணம் கிடைக்கும். அவர் போட மறுக்கிறார். கடைசியில் ஒருநாள் தானே போய்ப் புதைகுழியைத் தோண்டத் தொடங்குகிறார். பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே கிடப்பது வாழைக்குற்றியும் கல்லும்.

இது பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படம். முழுநிலவின் இருள் என்று தமிழில் சொல்லலாம். விதானகே 1962இல் பாணந்துறையில் பிறந்தவர், நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். அவருடைய படங்கள் பட்ட பாட்டைப் பற்றி இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன். கொழும்பில் அவரைத் துரோகி என்றார்கள். சென்னையில் அவரைச் சிங்களவரின் ஆள் என்றார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான், இரண்டும் என்னைப் பாதித்தன.

முதலில் அந்தப் படத்தின் கதை. தணிக்கை முடிந்து அனுமதியும் கிடைத்துவிட்டது. 1999இல் பிரான்சின் அமியான் திரைப்பட விழாவில் பெரும் பரிசு, சிங்கப்பூர் விழாவில் வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரமவுக்குச் சிறந்த நடிகர் விருது. நகைச்சுவை வேடங்களில் சிங்கள மக்களைச் சிரிக்கவைத்தே பெயர் வாங்கிய மனிதர் அவர். அந்த முகத்தில் இப்படி ஒரு துயரத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

2000ஆம் ஆண்டு ஜூலையில் படம் தியேட்டருக்கு வரவேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்திருந்தது. அரசாங்கம் கலங்கிப் போயிருந்த நேரம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் பத்திரிகைகளுக்குக் கடும் தணிக்கை. ஒக்டோபரில் பொதுத் தேர்தல். இராணுவத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். இந்த வேளையில், பெட்டிக்குள் உங்கள் பிள்ளை இல்லை, வாழைக்குற்றிதான் இருக்கிறது என்று காட்டுகிற படம் ஊர் ஊராக ஓடினால் என்ன ஆகும்? போர் நிலைமை சீராகும்வரை வெளியிட முடியாது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். திரைப்படக் கூட்டுத்தாபனம் படத்தை நிறுத்திவைத்தது. தணிக்கைச் சபை ஆட்சேபிக்காத படத்தை, அரசாங்கத்தில் இருந்தவர்கள் ஒரு வாய்ச்சொல்லில் முடக்கினார்கள்.

விதானகே ஊரைவிட்டுப் போகவில்லை, கைகட்டி இருக்கவும் இல்லை. அடிப்படை உரிமை மீறல் மனுவோடு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியாவில் கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் நாட்டில் உயர் நீதிமன்றம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம். ஓராண்டுக்கு மேல் இழுபட்டது வழக்கு. 2001 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிற கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டிருக்கிறது, படத்தை வெளியிட வேண்டும், இயக்குநருக்கு நட்டஈடும் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் நீதிமன்றம் இப்படிச் சொன்னது சின்ன விடயம் இல்லை. அந்தத் தீர்ப்பைப் பற்றித் தமிழில் நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

அந்தப் படத்தை நான் 2001இல் கொழும்பில் பார்த்தேன். ஜூலை மாதம்தான் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் நடந்திருந்தது. வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பொலிஸ் பதிவுத் தாளும் அடையாள அட்டையும் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு சிங்களவர், குருநாகல் பக்கம். “வாங்கோ, போய்ப் பார்ப்போம்” என்று அவர்தான் கூட்டிப் போனார். தமிழனாக அந்த அரங்கில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். யாராவது ஏதாவது பேச்சுக் கொடுத்தால் என் சிங்களம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி திறக்கிற காட்சி வந்தது. அதுவரை கச்சான் கொறிக்கிற சத்தமும் குழந்தை அழுகிற சத்தமும் கேட்ட அரங்கு அப்படியே அடங்கிப் போனது. என் முன்வரிசையில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு அம்மா, திரையைப் பார்க்காமல் மடியில் கிடந்த கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டக், டக் என்ற அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. திரும்பி வரும்போது நண்பர் பஸ்சில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தேநீர் நேரத்தில், தன் மைத்துனரின் பெட்டியும் திறக்காமல்தான் வந்தது என்று மட்டும் சொன்னார். இரண்டு ஆண்டு பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறோம். அதற்கு முன் அவர் அதைச் சொன்னதில்லை. வன்னியில் என் சொந்தத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று நானும் அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

அந்தப் படத்தைத் தடுத்தவர்கள் அஞ்சியது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். படையினரை இழிவுபடுத்துகிறது என்றார்கள். படையினருக்கு எதிராக அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை தகப்பனுக்கு உண்டு என்று அந்தப் படம் சொல்கிறது. போர் நடத்துகிற எந்த அரசாங்கத்துக்கும் அது பிடிக்காது.

2003இல் வந்த ‘இர மதியம’வையும் சொல்லாமல் போக முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தன் நாயை விட்டுப் பிரிய மனமில்லாத ஒரு முஸ்லிம் சிறுவன் அதில் வருவான். அந்த வெளியேற்றத்தைப் பற்றித் தமிழ்த் திரையில் நாங்கள் எடுத்திருக்க வேண்டிய படத்தை ஒரு சிங்களவர் எடுத்தார். நான் வவுனியாக்காரன், எங்கள் பக்கத்து வீடுகளில் வந்து தங்கிப்போன முஸ்லிம் குடும்பங்களைக் கண்டவன். அந்தச் சிறுவன் வருகிற இடங்களில் எனக்குத் தலை குனிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் போர் மறுபடி மூளும் அறிகுறி தெரிந்ததும், போரைக் கேள்வி கேட்கிற சிங்கள இயக்குநர்கள் எல்லோரையும் சேர்த்துத் தாக்கி, படைத்தரப்பிலிருந்தே பத்திரிகைகளில் எழுதினார்கள். விதானகேயும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

இனிச் சென்னைக்கு வருகிறேன். இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கடினம், ஏனென்றால் எங்களுக்காகக் குரல் கொடுத்தவர்களைப் பற்றி இது.

‘ஒப நதுவா ஒப எக்கா’ 2012இல் வந்தது. நீ இல்லாமல் உன்னோடு என்று பொருள். தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய ஒரு குறுநாவலின் கதை. பிரான்சில் பிரெஸ்ஸோனும் இந்தியாவில் மணி கவுலும் முன்பே படமாக்கியது. அடகுக்கடைக்காரன் ஒருவன், அவனிடம் நகை அடகு வைக்க வருகிற ஏழைப் பெண், அவர்களுடைய திருமணம். விதானகே இந்தக் கதையை எங்கள் மலையகத்துக்குக் கொண்டுவந்தார். அடகுக்கடைக்காரன் சரத்சிறி, சிங்களவன். பெண் செல்வி, போரில் அடிபட்டு வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண். கல்யாணம் ஆன பிறகு, பழைய நண்பன் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். அப்போதுதான் தன் புருஷன் முன்பு இராணுவத்தில் இருந்தவன் என்பது செல்விக்குத் தெரிய வருகிறது. ஒரே கூரை, ஒரே கட்டில், அதற்கு நடுவே இப்படி ஒரு உண்மை. முடிவைச் சொல்லமாட்டேன், பாருங்கள். செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு அந்த ஆண்டு கோவா விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

2014 ஜூனில் இந்தப் படம் சென்னையில் திரைக்கு வந்தபோது மிரட்டல் தொலைபேசிகள் வந்தன. மல்டிபிளெக்ஸ்காரர்கள் காட்சிகளை நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் மனநிலை எனக்கு விளங்காமல் இல்லை. 2013 மார்ச்சில், பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் என்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுடப்படுவதற்கு முன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் முறைக்கு நாங்கள் வாய்திறந்து அழக்கூட முடியாதிருந்த காலத்தில் அவர்கள் அழுதார்கள். அந்தக் கடனை நான் மறக்கவில்லை. 2014 மார்ச்சில் எங்கள் போரைப் பற்றிய சந்தோஷ் சிவனின் ‘இனம்’ படம் எதிர்ப்புக்கு உள்ளாகி, விநியோகித்தவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சூடு ஆறாத நேரத்தில்தான், மூன்று மாதத்தில் விதானகே படம் வந்தது. சிங்களவர் எடுத்த படம், முன்னாள் சிப்பாய் கதாநாயகன் என்ற இரண்டு செய்தியே போதுமாக இருந்தது.

இத்தனைக்கும் விதானகேயின் படங்கள் வளர்ந்ததே பாதி சென்னையில்தான். அவருக்குப் பல ஆண்டாகப் படத்தொகுப்புச் செய்கிறவர் ஸ்ரீகர் பிரசாத். சென்னையின் தொகுப்பறையில் பிறந்த படத்தைச் சென்னையின் அரங்கு பார்க்க முடியாமல் போனது.

எனக்கு அந்தப் படத்தோடு சண்டை இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூலக்கதை முழுக்க அந்த ஆண் பேசுவது. படமும் பெரும்பாலும் அவன் பக்கத்திலேயே நிற்கிறது. செல்வி சன்னலோரம் நிற்கிறாள், பேசாமல் இருக்கிறாள், அவளுடைய மௌனம் அழகாக இருக்கிறது. ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று அவள் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டேன். வடக்கிலிருந்து போன பெண்கள் அவ்வளவு மௌனமானவர்கள் இல்லை. என் அக்காமார் எல்லோரும் பேசுவார்கள், எதிர்த்துக் கேட்பார்கள். சரத்சிறியின் குற்ற உணர்ச்சி என்னை உலுக்கியது, ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சிக்குச் செல்வி ஒரு விலையாகிப் போனாளோ என்ற கேள்வியோடுதான் படம் பார்த்து எழும்பினேன். இதை விதானகே முன்னாலேயே கேட்க எனக்குத் தயக்கம் இல்லை. இந்தக் கேள்வியைச் சென்னையில் நூறு பேர் கேட்டிருப்பார்கள், இதைவிட நல்ல கேள்விகளும் வந்திருக்கும். படம் ஓடியிருந்தால்.

2016இல் வழக்குமன்றத்தைப் பற்றிய அவருடைய ஆவணப் படத்துக்கும் கொழும்பில் இடைக்காலத் தடை வந்து, பிறகு நீங்கியது. பொருளாதார நெருக்கடிக் காலத்து இலங்கையை வைத்து அவர் எடுத்த ‘பாரடைஸ்’ 2023இல் தென் கொரியாவின் பூசான் விழாவில் பரிசு வாங்கியது. அதில் மலையகத் தோட்டத் தொழிலாளிகளைப் பொலிஸ் பிடித்துப்போய் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அந்தப் படத்தை வழங்கியது சென்னையில் மணிரத்னத்தின் நிறுவனமான மெட்ராஸ் டாக்கீஸ். 2024 ஜூனில் இந்தியாவில் திரைக்கு வந்தது. அந்த மிரட்டல்கள் வந்து சரியாகப் பத்து ஆண்டு.

கடைசியாக ஒன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் போராடி வருகிறார்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம், நட்டஈடு தருகிறோம் என்று வருகிறவர்களிடம், எங்களுக்குப் பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களில் நான்கைந்து பேருக்கு, ஒரு வீட்டு விறாந்தையில் மடிக்கணினியில் ‘புரஹந்த களுவர’வைப் போட்டுக் காட்டினேன். சிங்களம் விளங்காதவர்களுக்கு நான் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னேன். போகப் போக, நிறுத்த வேண்டாம் என்றார்கள்.

படம் முடிந்தது. பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசவில்லை. மூத்த அம்மா ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அந்த ஐயா கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு இருக்கிற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ.”

போட்டேன். நன்றி, வணக்கம்.