ஷிஞ்ஜுகு: நகர எல்லையில் நின்றுவிட்ட ரயில்கள்

நேயர்களுக்கு வணக்கம். டோக்கியோ மாநகரின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஷிஞ்ஜுகு நிலையம், உலகிலேயே மிகுதியான பயணிகள் புழங்கும் ரயில் நிலையமாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றுள்ளது. 2018ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியே சென்று வந்தனர். வாசல்களோ இருநூறுக்கும் அதிகம். இத்தனை பேரில் பெரும்பங்கினர் ஒரு ரயிலிலிருந்து இறங்கி வேறொரு ரயிலில் ஏறிச் செல்பவர்கள். அவர்கள் ஏன் இங்கே இறங்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1885இல் இந்நிலையம் திறக்கப்பட்டபோது, நகரம் முடிகிற இடத்துக்கும் அப்பால் அது தனித்துக் கிடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மேற்கே தாச்சிகாவா வரை இன்னொரு பாதை வந்தது. இதற்கிடையே நகரத்தின் உட்பகுதியில் டிராம்கள் பெருகின. 1911இல் டோக்கியோ நகராட்சி அவற்றை விலைக்கு வாங்கி, உள்நகரப் போக்குவரத்து தன் உரிமை என்ற கொள்கையைக் கைக்கொண்டது. அதனால் மேற்குப் புறநகரிலிருந்து வந்த தனியார் நிறுவனங்கள், பின்னாளில் யமனோதே வட்டப்பாதையாக முழுமை பெற்ற தடத்தை ஒட்டியே தங்கள் பயணத்தை முடித்துக்கொள்ள நேர்ந்தது. 1915இல் கெய்யோ நிறுவனமும் 1927இல் ஒடாக்யூ நிறுவனமும் ஷிஞ்ஜுகுவை எட்டின. நடுவே நிகழ்ந்த 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தபோது, அந்தப் பாதைகள் சுமந்து வந்த கூட்டம் முழுவதும் இந்த ஓரிடத்தில் இறங்கி, வேறு வண்டிக்கு மாற வேண்டியதாயிற்று. இறங்கியவர்களை அப்படியே விட்டுவிட வணிகர்களுக்கு மனம் வருமா? 1960களில் இரு நிறுவனங்களும் தத்தம் நிலையங்களின் மேலேயே பல்பொருள் அங்காடிகளை எழுப்பின.

பழைய கொள்கையின் தடயம் ஒன்று இருப்புப்பாதையிலேயே இருக்கிறது. நகர டிராம்களுடன் இணைந்து ஓடலாம் என்ற நோக்கில், கெய்யோ தன் தண்டவாளங்களை டிராமுக்குரிய 1372 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்தது. ஜப்பானில் பெரும்பாலான பாதைகளின் இடைவெளி 1067 மில்லிமீட்டர்தான். 1980இல் டோக்கியோ பெருநகர அரசு நடத்தும் ஷிஞ்ஜுகு சுரங்க ரயில் பாதையும் கெய்யோவும் இணைந்து ஓடத் தொடங்கியபோது, பொறியாளர்கள் சுரங்கப் பாதையையும் அதே 1372 மில்லிமீட்டரில் இட்டிருந்தார்கள். பெரும்பாலான டிராம்கள் அதற்குள் நின்றுபோயிருந்தன. அளவு மட்டும் நிலத்தடிக்குப் போய்விட்டது.

தனியார் ரயில்கள் சுரங்கப் பாதைகளுக்குள் நேரே நுழைந்து செல்லும் முறை டோக்கியோவில் 1960இல் தொடங்கியது. ஒடாக்யூவின் சில ரயில்கள் 1978 முதல், ஷிஞ்ஜுகுவுக்குச் சற்று முன்பே பிரிந்து, சியோதா சுரங்க ரயில் பாதை வழியாக நகர மையத்தை அடைகின்றன. என் கருத்தில், மேம்பாலங்களையும் நகரும் படிக்கட்டுகளையும் விட, மாற வேண்டிய அவசியத்தையே நீக்கும் இந்த ஏற்பாடுதான் நெரிசலுக்கு உண்மையான மருந்து.

நிலையத்தின் உள்ளமைப்பும் மெதுவாகவே திருந்துகிறது. கட்டணமின்றிக் கிழக்கிலிருந்து மேற்கே நேராகக் கடந்து செல்லும் அகன்ற வழி 2020 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. டிக்கெட் வாயில்களை உட்புறமாக நகர்த்தியதால்தான் அது இயன்றது. அதுவரை டிக்கெட் இல்லாதவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது மேற்கு வாசலில் ஒடாக்யூவின் பழைய அங்காடிக் கட்டடம் இருந்த இடத்தில் புதிய உயர்மாடிக் கட்டடத்துக்கான பணிகள் நடந்து வருகின்றன.

இவற்றிலிருந்து ஒதுங்கி நிற்பது செய்பு நிறுவனத்தின் ஷிஞ்ஜுகு நிலையம். 1952இல் தற்காலிகமாக வடக்கே சற்றுத் தள்ளித் திறக்கப்பட்ட அதனைப் பிரதான நிலையம் வரை நீட்டிக்கத் திட்டமிருந்தும், ரயில்கள் நீண்டுகொண்டே போனதால் அவற்றுக்கேற்ற நடைமேடைக்கு இடம் போதவில்லை. ஆகவே அதன் பயணிகள் இன்றும் கடைத்தெருக்களின் ஊடே நடந்துதான் அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். அந்த நடையைக் குறைக்கச் சுரங்கநடைபாதை ஒன்று அமைக்கும் திட்டத்தை நிறுவனம் 2021இல் அறிவித்தது. நன்றி, வணக்கம்.