காலநிலை ஆய்வுக்கு உதவித்தொகை: போனவர் ஊர் திரும்ப என்ன வழி?

[திரையில்: லாகூர், 1951]

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு அப்துஸ் சலாம் லாகூருக்கு வேலைக்கு வருகிறார். பிற்காலத்தில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கப்போகிறவர். ஆனால் அங்கே அவர் துறையைப் பற்றிப் பேசவே ஆள் கிடையாது. 1954-ல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போய்விடுகிறார்.

நாடா, ஆராய்ச்சியா என்ற இக்கட்டு தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தவர், 1964-ல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஒரு மையத்தைத் தொடங்கினார். அதுதான் ஐசிடிபி, அதாவது பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம். வளரும் நாட்டு ஆய்வாளர் ஊர் வேலையை விடாமலே சில வாரங்கள் அங்கே தங்கிவிட்டுப் போகலாம்; அப்புறம் இன்னொரு வருடமும் வரலாம்.

சரி, இதற்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

[திரையில்: கட்டம் போட்ட உலக வரைபடம்]

காலநிலையைக் கணினியில் கணக்கிடும் உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். பல மாதிரிகளில் ஒரு கட்டமே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மொரிஷியஸ் தீவின் நீளமோ சுமார் 65 கிலோமீட்டர். நடு மேட்டு நிலத்தில் மழை கொட்டும், மேற்குக் கரை காயும். அந்த வித்தியாசம் கணக்கில் வரவே வராது.

அதற்காக வந்ததுதான் வட்டாரக் காலநிலை மாதிரி. ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். ஐசிடிபி வளர்க்கும் ரெக்சிஎம் அப்படிப்பட்டது. மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கிக்கொண்டால் போதுமா? எந்தப் பகுதிக்கு எந்த அமைப்பு சரிவரும், வந்த விடை நம்மூர் மழைமானியோடு ஒத்துப்போகிறதா என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். பயிற்சிப் பட்டறைகள் அதற்குத்தான்.

முனைவர் பட்டத்துக்கு ‘சாண்ட்விச்’ முறை இருக்கிறது. பெயர்தான் தின்பண்டம் மாதிரி, விஷயம் கெட்டிக்காரத்தனமானது. வருடத்தில் சில மாதம் வெளிநாட்டு ஆய்வகம், மீதி மாதம் சொந்தப் பல்கலைக்கழகம். பட்டம் கொடுப்பதும் சொந்தப் பல்கலைக்கழகமே.

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்கா]

எனக்கு இன்னும் பிடித்தது வாஸ்கல். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நடத்தும் காலநிலை ஆய்வு, படிப்புத் திட்டம் அது. பணம் பெரும்பாலும் ஜெர்மனியுடையது. வகுப்புகளோ மேற்கு ஆப்பிரிக்காவில். நீர்வளம் படிக்க பெனினின் அபோமே-கலவி, எரிசக்திக்கு நைஜரின் நியாமே. கானா மாணவர் பெனினில் போய்ப் படிப்பார். நைஜர் நதி கினியில் பிறந்து, மாலி, நைஜர் வழியாக நைஜீரியாவில் கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் நாடுகளின் மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்காருவதுதானே முறை?

[திரையில்: நோபல் பதக்கம்]

2007-ல் ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசிக்கும் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோருக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. தன் பங்கை வைத்து ஐபிசிசி, வளரும் நாட்டு முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது. சலாமும் 1979-ல் தன் பங்குக்கு வந்த நோபல் பணத்தை வளரும் நாட்டு இயற்பியலாளர்களுக்கே செலவழித்தார்.