மார்ட்டின்ஸ்வில்: இடப்பக்கம் மட்டுமே திரும்பும் கார்

[காட்சி: 2022 அக்டோபர் 30, கடைசிச் சுற்று. வெளிச்சுவரை உரசிக்கொண்டே ஒரு கார் மற்ற கார்களைத் தாண்டிப் போகிறது.]

இந்த கிளிப் உங்க போனுக்கும் வந்திருக்கும். மார்ட்டின்ஸ்வில் ரேஸ்ல டிரைவர் ராஸ் சாஸ்டெய்ன் அஞ்சாவது கியரைப் போட்டு, ஸ்டியரிங்கை விட்டுட்டு, காரைச் சுவரோட சாய்ச்சுட்டார். ஒரே வளைவுல அஞ்சு கார் பின்னாடி போச்சு. அந்தச் சுற்றுக்கு ஆனது 18.845 நொடி. மத்தவங்களுக்கு அப்போ 20 நொடிக்கு மேல ஆயிட்டிருந்தது. அடுத்த சீசன் தொடங்குறதுக்குள்ள, இனிமே இப்படிச் செஞ்சா தண்டனைன்னு ரேஸை நடத்துற அமெரிக்க அமைப்பான நாஸ்கார் சொல்லிடுச்சு.

வீடியோ கேம் வித்தைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அந்தக் கிளிப் சொல்ற விஷயம் வேற. இந்த டிராக்ல நேரம் முழுக்க வளைவுலதான் போகுது. அந்த நேரத்தைச் சுவரோட உதவி இல்லாம எப்படி மீட்கிறாங்கங்கறதுதான் இந்த வீடியோ.

[காட்சி: மேலிருந்து டிராக். பேப்பர் கிளிப் வடிவம்.]

இடம், அமெரிக்காவோட வர்ஜீனியா மாநிலத்துல மார்ட்டின்ஸ்வில்ங்கற சின்ன ஊர். ஹெச். கிளே எர்ல்ஸ் 1947-ல மண் டிராக்காத் தொடங்கினார். தார் போட்டது 1955-ல. ஒரு சுற்று 0.526 மைல், அதாவது சுமார் 850 மீட்டர். ஒரு மைலுக்குக் குறைஞ்சா அதுக்குப் பேரு ஷார்ட் டிராக். ஜெயிச்சவருக்குக் கோப்பை கிடையாது, ஆள் உயர கடிகாரம்தான். 1964-லிருந்து அதுதான் வழக்கம்.

ரெண்டு நேர்பாதையும் ஆளுக்கு 800 அடி. மிச்சம் இருக்கிறது ரெண்டு அரைவட்டம். கணக்குப் போட்டா வளைவோட ஆரம் 190 அடிக்குக் கொஞ்சம் கீழ வரும். சரிவு வெறும் 12 டிகிரி. பிரிஸ்டல் மாதிரி செங்குத்தான டிராக்ல சரிவே காரைப் பிடிச்சுக்கும். இங்க டயர்தான் பிடிக்கணும்.

வருஷம் ஒரு தடவை உள்ளூர் 'லேட் மாடல் ஸ்டாக்' கார்கள் இங்க 200 சுற்று ஓடும். நாம பார்க்கப்போறது அந்தக் கார்களைத்தான். சனிக்கிழமை ராத்திரி சின்ன டிராக்குகள்ல ஓடுற அதே கார்கள். பேருலதான் 'ஸ்டாக்', அதாவது கம்பெனி கார் அப்படியேங்கற வார்த்தை இருக்கு. உள்ள இரும்புக் குழாய்ச் சட்டம், கார்புரேட்டர் வச்ச வி8 எஞ்சின். நிறைய பேர் 400 குதிரைத்திறன் சீல் வச்ச எஞ்சினைத்தான் ஓட்டுறாங்க. போல்ட்டைக் கழட்டினா சீல் உடையும், தகுதி போயிடும். எஞ்சின்ல கைவைக்க முடியாதுன்னா வித்தையை எங்க காட்டுறது? டயர்ல, எடையில, பிரேக்ல.

[காட்சி: பின் டயரைச் சுற்றி அளவு டேப்.]

முதல்ல டயர். ஸ்பூல் போட்ட கார்ல பின்சக்கரம் ரெண்டும் ஒரே அச்சுல பூட்டியிருக்கும், ஒரே வேகத்துல சுத்தும். இடப்பக்கம் திரும்புறப்போ வலது சக்கரம் அதிக தூரம் போகணும். அதனால வலது டயரைக் கொஞ்சம் பெரிசாப் போடுவாங்க. ரெண்டோட சுற்றளவு வித்தியாசத்துக்குப் பேரு ஸ்டாகர்.

எவ்வளவு வேணும்? சக்கரங்களுக்கு நடுவுல 5.4 அடின்னு வைங்க, வளைவு ஆரம் 187 அடி. வகுத்தா 2.9 சதவீதம். டயர் சுற்றளவு 86 அங்குலம்னா வித்தியாசம் 2.5 அங்குலம். ஆனா அவ்வளவையும் போட மாட்டாங்க. டிரைவர் அகலமா எடுத்துத் திரும்புறதால உண்மையான ஆரம் இதைவிடப் பெரிசு. அதோட, நேர்பாதையில அந்த வித்தியாசமே காரை இடப்பக்கமா இழுத்துக்கிட்டு வேகத்தைத் தின்னும்.

அளக்குறப்போ காற்றழுத்தத்தை ரேஸ் அளவுக்கு வச்சுட்டு, டேப்பை டிரெட், அதாவது தரையைத் தொடுற பகுதியோட நடுவுல மட்டும் சுத்தணும். வெயில்ல கிடந்த டயரையும் நிழல்ல இருந்த டயரையும் ஒப்பிட்டா கணக்கு தப்பும். ரேஸ் ஓட ஓட வலது பின்டயர்தான் அதிகம் சூடாகும். அழுத்தம் ஏறி டயர் பெருக்கும், ஸ்டாகர் கூடும், பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். காற்றுல ஈரம் இருந்தா இது இன்னும் மோசம். நைட்ரஜன் அடிக்கிறது அதுக்குத்தான். நம்ம பெட்ரோல் பங்க்ல காசு வாங்கிட்டு அடிக்கிற நைட்ரஜனுக்கு இப்படி ஒரு தேவையும் இல்ல, அது வேற கதை.

[காட்சி: நாலு சக்கரத்துக்கும் அடியில நாலு எடை மேடை.]

அடுத்தது எடை. திரும்புறப்போ எடை வலப்பக்கம் சாயும். அதனால நிக்கிறப்பவே இடப்பக்கத்தைக் கனமா வைப்பாங்க. உதாரணத்துக்கு 1,360 கிலோ கார். இடது முன் 400, வலது முன் 310, இடது பின் 380, வலது பின் 270. இடப்பக்கம் மொத்தம் 780, அதாவது 57 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இதுக்கு விதிமுறையில உச்சவரம்பு உண்டு.

இனிமேதான் சூட்சுமம். வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டுங்க: 690 கிலோ, 50.7 சதவீதம். இது குறுக்கு எடை, காரைச் சரிபண்ற பிட்ல 'வெட்ஜ்'ம்பாங்க. இடது பின் ஸ்பிரிங் மேல இருக்கிற போல்ட்டை இறுக்கினா அந்த மூலை காரைத் தூக்கும். அதுவும் எதிர்மூலையும் ஆளுக்கு 7 கிலோ ஏறினா, மத்த ரெண்டு மூலையிலும் 7 கிலோ இறங்கும். குறுக்கு எடை 704, கிட்டத்தட்ட 51.8 சதவீதம். இடப்பக்க மொத்தம் அதே 780தான்! பரிசோதகர் இடப்பக்க எடையைப் பார்த்தா ஒண்ணும் மாறியிருக்காது, ஆனா கார் மாறியிருக்கும். வளைவுல எடை வலப்பக்கம் சாயறப்போ பின்டயர் ரெண்டும் சுமையை முன்னைவிடச் சமமாப் பகிரும், முன்டயர் ரெண்டும் பகிராது. கார் திரும்ப மறுத்து வெளிய தள்ளும். இதைத்தான் டைட்ம்பாங்க. போல்ட்டைத் தளர்த்தினா பின்பக்கம் வழுக்கும், அது லூஸ்.

இந்த அளவெல்லாம் சரியா வரணும்னா தரை மட்டமா இருக்கணும். டிரைவர் சீட்ல உட்காரணும், இல்லன்னா அவர் எடைக்கு மூட்டை வைக்கணும். டேங்க்ல ரேஸ் அளவு எரிபொருள், ஸ்டியரிங் நேரா, முன்பக்க ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைச்சு, கார் சாயறதைக் குறைக்கிற கம்பி) ஒரு பக்கம் கழட்டியிருக்கணும். ஸ்வே பாரை மறந்தா அதோட முறுக்கும் எடையில சேர்ந்து பொய் சொல்லும். மேடையில ஏத்தினதும் நாலு மூலையையும் அமுக்கி விடுங்க. இல்லன்னா சஸ்பென்ஷன் எங்கயாவது இறுகி நிக்கும்.

[காட்சி: இருட்டில் சிவந்து எரியும் முன்பக்க பிரேக் டிஸ்க்.]

இந்த டிராக்கோட உண்மையான வில்லன் பிரேக். சுற்றுக்கு ரெண்டு தடவை, 200 சுற்றுக்கு 400 தடவை. நேர்பாதை சின்னதுங்கறதால டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. காருக்கு மூக்குப்பக்கம் ஓட்டை போட்டு, குழாய் வழியா காற்றை டிஸ்க்கோட நடுப்பகுதிக்குக் கொண்டு போவாங்க. குழாய் கொஞ்சம் விலகினாலும் காற்று வீண். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினா கொதிநிலை குறையும். கொதிச்சா ஆவிக்குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். அதனால ரேஸுக்கு முன்னாடி புதுசா உடைச்ச டப்பா, பழசை முழுசா வடிச்சுட்டு.

டிஸ்க்கோட சூடு அதோட நிக்காது. ரிம்முக்கு ஏறி, டயரை ரிம்ல பிடிச்சிருக்கிற பீட் பகுதியை உருக்கிடும். ஆணி எதுவும் குத்தாமலே டயர் புஸ்ஸுனு இறங்கிப் போகும். முன்பிரேக்கைக் காப்பாத்தலாம்னு டிரைவர் குமிழைத் திருகி பிரேக் வேலையைப் பின்சக்கரத்துக்குத் தள்ளினா, வளைவுக்குள்ள நுழையறப்போ பின்சக்கரம் துள்ளும், கார் சுத்திடும்.

[காட்சி: தாரும் கான்கிரீட்டும் சேரும் கோடு.]

கடைசியா தரை. நேர்பாதை தார், வளைவு 1976-லிருந்து கான்கிரீட். தாரை டயர்கள் பிய்ச்சு எடுத்ததால போட்டது. கான்கிரீட்டும் சாஸ்வதம் இல்ல. 2004 ஏப்ரல்ல ஒரு துண்டு பெயர்ந்து ஜெஃப் கார்டன் கார்ல மோதினதும், ரேஸை ஒரு மணி நேரத்துக்கு மேல நிறுத்தி ஒட்டுப்போட்டாங்க.

ஓட ஓட டயர் துணுக்குகள் வெளிப்பக்கத்துல கோலிக்குண்டு மாதிரி சேரும். விபத்து மாதிரி ஏதாவது நடந்து மஞ்சள் கொடி காட்டினா எல்லாரும் மெதுவாப் போகணும், அப்போ அதெல்லாம் சூடான டயர்ல ஒட்டிக்கும். பச்சைக்கொடி காட்டினதும் முதல் ரெண்டு சுற்றுக்குப் பிடிமானம் இருக்காது. அதனால வெளிவரிசையில நிக்கிற டிரைவருக்கு ஒரே கவலை: எப்படியாவது உள்ள நுழைய ஒரு கார் அகல இடம். அது கிடைக்கிறதுக்குள்ள அஞ்சாறு கார் அவரைத் தாண்டிப் போயிருக்கும்.